ஏணி பிடித்தவரின் கழுத்துவலி

“…எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க பிள்ளைங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. அப்பா தோள் மேல உக்காந்துகிட்டு, கூட்டத்துக்குப் பின்னால இருந்து பார்த்த குழந்தைக்கு, ஏணியப் புடிச்சிருந்தவரோட கழுத்து வலிச்சது எப்படித் தெரிஞ்சுது?”

மாடி மிஸ் இதை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இடம், மயிலாப்பூரில் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் என் ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. சாந்தோமில் பூசை முடிந்து வந்திருந்தார். கையில் ஒரு காலண்டர் தாள். அவரோடு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், ஆறு கண்ணும் என் வாய் மேல். வாயைத் திறந்தேன். இருபது வருஷமாக மூடாத வாய். அன்றைக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவள். பிறந்தது வளர்ந்தது சைதாப்பேட்டை, கல்யாணம் ஆகி வந்தது மயிலாப்பூர். எனக்குப் படிப்பு வந்ததெல்லாம் ஜெராக்ஸ் மெஷின் வழியாகத்தான். ஒரு காகிதத்தைக் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது படித்துவிடுவேன். வீட்டுப் பத்திரம், ஜாதகம், ஸ்கேன் ரிப்போர்ட், மாமியாரைப் பற்றிப் போலீஸுக்கு எழுதிய புகார், எல்லாவற்றிலும் ஒரு வரி. காகிதம் தராததைக் காத்திருப்பவர்கள் தந்தார்கள். மெஷின் சூடாகும் நேரத்தில் மனுஷர்கள் சொல்லும் வார்த்தை இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. எதிர்ப் பக்கம் பூ விற்கும் அம்மா ஒரு நாள் சொன்னாள்: “பூ வாடினா தண்ணி தெளிக்கலாம். மூஞ்சி வாடினா இன்னாத்த தெளிப்ப?” இப்படி நான் சேர்த்து வைத்தது ஏராளம். யாருக்காவது வேண்டும் என்றால் உடனே எடுத்துக் கொடுப்பேன். வேண்டாம் என்றாலும் கொடுப்பேன்.

என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவனுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுத்ததில் தொடங்கியது, தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் செய்து கொடுப்பது. அவன் படித்து முடித்து வெளியூர் போய்விட்டான், ப்ராஜெக்ட் நிற்கவில்லை. அம்மாக்கள் வாட்ஸ்அப்பில் தலைப்பை அனுப்புவார்கள். நான் படம் தேடி, கலர் பிரிண்ட் போட்டு, ஓரத்தில் பார்டர் கொடுத்து, ஸ்டிக் ஃபைலில் கோத்து வைப்பேன். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்து பசை தடவுவார்கள். அவர்கள் தடவத் தடவ நான் பேசுவேன். சோழன் கல்லணை கட்டியதிலிருந்து வெள்ளைக்காரன் கோட்டை கட்டியது வரைக்கும் என் வாய் போகும். கடைசிப் பக்கத்துக்கு நன்றியுரை ஒன்று கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர், நண்பர்கள் என்று வரிசையாக வரும். பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஜெராக்ஸ் ஆன்ட்டிக்கு என்று அதில் ஒரு வரி கிடையாது. டைப் அடித்தவளே நான்தான். நானே எப்படிச் சேர்த்துக்கொள்வது?

இந்த மூன்று பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள். நாலு பேர் எதிரில் நின்றால் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். இன்னொருத்தி மூலைத் தையல்கடை பாயின் மகள். வீட்டில் உருது, வெளியே தமிழ், இரண்டிலும் கணீரென்று இருப்பாள். மூன்றாவது, வேர்க்கடலை இல்லாமல் யோசிக்கவே முடியாத ஒரு பையன்.

இந்த வருஷம் அவர்கள் வகுப்பாசிரியர் ஒரு புதுச் சட்டம் போட்டார். தலைப்பு, நம் மாநிலத்தின் வரலாறு. பிரிண்ட் அவுட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கையால் எழுத வேண்டும். குறைந்தது பத்துப் பேரிடமாவது நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும். தையல்கடைக்காரர் மகள் இதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். “பத்து பேர் இன்னாத்துக்கு கண்ணு? நான் ஒருத்தி பத்து பேருக்கு சமம். உக்காரு, சொல்றேன்.”

“மாடி மிஸ் ஹெல்ப் பண்றேன்னு சொல்லியிருக்காங்க ஆன்ட்டி,” என்றாள் அவள்.

கடைக்கு மேலே முதல் மாடியில் ஆறு மாதம் முன்னால் குடி வந்தவர் மாடி மிஸ். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் மூன்று தலைமுறை டீச்சர்கள். ரிட்டயர் ஆன பிறகும் தெருவே மிஸ் என்றுதான் கூப்பிட்டது. மெல்லிய குரல். அதிகம் பேசமாட்டார். பேசாதவரிடம் பிள்ளைகள் எத்தனை நாள் இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்கு தப்பியது. அவர் பேசவில்லை, கேட்டார்.

குடி வந்த புதிதில் ஒரு நாள் கடைக்கு வந்து, என் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தார். “கிழிச்ச தாளெல்லாம் என்ன பண்றீங்க?” பின்பக்கம் வெற்றாக இருக்கும், கூரியர் நம்பர் குறித்துக்கொள்வேன் என்றேன். “மிச்சம் இருந்தா எனக்குத் தரீங்களா?” ஒரு ரப்பர் பேண்டு போட்டு மூன்று மாதத் தாளைத் தூக்கிக் கொடுத்தேன். கொடுக்கும்போது சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். பிறகு என்ன ஆகும் என்று தெரிந்திருந்தால் ஒரு அமாவாசைத் தாளைக்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

அவர் முறை இதுதான். ஒரு தாளில் ஒரு செய்தி. கீழே, யார் சொன்னது. அதன் கீழே, சொன்னவர் அதைப் பார்த்தாரா, கேட்டாரா, படித்தாரா. எழுதிய தாள்களைப் பால்கனியில் துணி காயப்போடும் கொடியில் கால வரிசைப்படி மாட்ட வேண்டும். பார்த்ததற்குச் சிவப்புக் கிளிப், கேட்டதற்கு நீலம், படித்ததற்கு வெள்ளை. ஜன்னல் பக்கம் பல்லவர்கள், கதவுப் பக்கம் போன வருஷத்து மழை. மாநிலத்தின் வரலாறு முழுவதும் என் தலைக்கு மேலே துணியோடு துணியாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்று அடித்தால் தாள்கள் திரும்பும். ராகு காலம், எமகண்டம், சுபமுகூர்த்தம் எல்லாம் தெரியும். என் கடையின் மார்ச், ஏப்ரல், மே அங்கே ஆடும். நான் கீழே கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் நாலரைக்குப் பிள்ளைகள் என் கடையைத் தாண்டித்தான் படி ஏற வேண்டும். “ஹாய் ஆன்ட்டி” என்பார்கள். அவ்வளவுதான். படிக்கட்டில் மூன்று ஜோடிச் செருப்பு கிடக்கும். ஆறு மணிக்கும் கிடக்கும். மேலே அந்தப் பையன் எதற்கோ சிரிப்பான். எதற்கு என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடாது. ஒருவருடைய பத்திரத்தை இரண்டு பக்கம் எடுப்பதற்குப் பதிலாக ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுத்துக் கொடுத்துவிட்டேன்; அவர் பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து கத்தினார்.

தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர் கண்ணில் இதெல்லாம் தப்புமா? “இன்னாக்கா, உன் சபை மாடிக்கு ஷிஃப்ட் ஆய்டிச்சு போல கீது?”

“படிக்கத்தானே போவுதுங்க. போவட்டும்,” என்றேன்.

“கூட்டம் சாமிக்கா வருது, சுண்டலுக்குத்தான் வருது. நீ சுண்டல் போடு, தானா எறங்கும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். மறுநாள் ஒரு டப்பா தேன்மிட்டாய் வாங்கி வைத்தேன். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு, வாயில் போட்டபடியே மாடி ஏறினார்கள். மிஸ்ஸுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போனாள் கண்ணாடிக்காரி. அன்றைக்கு நான் செய்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மிஸ் ஒரு பழைய வரைபடத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். டோனர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தீரவில்லை. அடுத்த ஆளுக்கு அதே மெஷினில் நாற்பது பக்கம் ஓட்டினேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அடிக்கிற கண்ணுக்கும் வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை நல்ல மழை. மிஸ் டாக்டரிடம் போயிருந்தார். பிள்ளைகள் மாடிப் பூட்டைப் பார்த்துவிட்டு, நனைந்த பையோடு என் கடைக்குள் வந்தார்கள். ஸ்டூல்கள் நிறைந்தன. மழையை யாராவது நிறுத்திவிடப் போகிறார்களே என்று இருந்தது எனக்கு.

“இன்னா, வரலாறு முடிஞ்சுதா?”

“ஒண்ணே ஒண்ணு இல்ல ஆன்ட்டி,” என்றான் பையன். “மெட்ராஸ் ஸ்டேட்ன்னு இருந்ததைத் தமிழ்நாடுன்னு மாத்தினாங்கல்ல, அறுபத்தொன்பதுல, பொங்கல் அன்னிக்கு? அதுக்கு வெள்ளைக் கிளிப்புதான் கீது. செவப்பு இல்ல.”

“தெரு முழுக்கக் கேட்டாச்சு,” என்றாள் தையல்கடைக்காரர் மகள். “எங்க பெரியப்பா அப்ப இருந்தாராம். ஆனா கடையில வேலையா இருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னுட்டார்.”

“மிஸ்ஸுக்குமே தெரியல,” என்றாள் கண்ணாடிக்காரி. “பார்த்தவங்க கெடைச்சா அது தங்கத் தாள்ன்னு சொன்னாங்க.”

மிஸ்ஸுக்குமே தெரியல. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

“நான் பார்த்தேனே,” என்றேன்.

கடலை மெல்லும் சத்தம் நின்றது. சொன்னேன். சைதாப்பேட்டையில் ஒரு அரசாங்க ஆபீஸ். வாசலில் பெரிய போர்டு. பெயிண்டர் ஏணி மேல் ஏறி நின்று பழைய பெயரை அழித்துத் தமிழ்நாடு என்று எழுதுகிறார். எழுத எழுதப் பழைய எழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது தடவை பூசுகிறார், மூன்றாவது தடவை பூசுகிறார். கீழே நிற்கும் ஜனம் அடுத்த எழுத்து என்ன என்று தெரிந்தும், தெரியாதது போலக் கத்துகிறது. ஆபீஸ் பியூன் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். பச்சைப் பெயிண்ட் சொட்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுகிறது. வேலை முடிந்து பெயிண்டருக்கு மாலை போட்டார்கள். பியூன் மூன்று நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தார். “நான் எங்கப்பா தோள் மேல உக்காந்து பாத்துக்கினு இருந்தேன்.”

அத்தனையும் நடந்தது. என் அப்பாவின் தோளைத் தவிர.

அது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதை. தெலுங்கு பேசும் வீடு; தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். அந்த ஆபீஸில் பியூன். ஏணியைப் பிடித்தவர் அவர்தான். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரே வார்த்தை: “பேர் எழுதினவனுக்கு மாலை. ஏணி புடிச்சவனுக்கு இன்னா? கழுத்துவலி.” கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் மறுபடி சொல்வார். நான் முதன்முதலில் சேர்த்து வைத்த வார்த்தை அதுதான்.

கண்ணாடிக்காரி எழுதினாள். என் கடையிலேயே, என் காலண்டர் தாளில், வார்த்தை விடாமல். கீழே, சொன்னது: ஜெராக்ஸ் ஆன்ட்டி. அதன் கீழே, பார்த்தது. எழுதி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷத்தில் எந்தப் பிள்ளையும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கு மிஸ் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பிள்ளைகள் என் கடையிலேயே இருந்தார்கள். “மிஸ், செவப்புக் கிளிப் கெடைச்சிடுச்சு,” என்று கத்தினான் பையன். மிஸ் குடையை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைக்கூட நான் ஜெயித்த கணக்கில்தான் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்காரி தனியாக வந்தாள். மூச்சு வாங்கியது. “ஆன்ட்டி, எங்க க்ளாஸ் மிஸ் ரஃப் நோட்டைப் பார்த்தாங்க. எல்லார்லயும் எங்களுதுதான் பெஸ்ட்டாம். திங்கக்கிழமை ப்ரேயர்ல மைக்ல படிக்கச் சொல்லிட்டாங்க. நான்தான் படிக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்களும் வரணுமாம். நேர்ல பார்த்தவங்கன்னு மேடையில உக்கார வைப்பாங்களாம். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் குரல் வரும்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் போன பிறகு பீரோவிலிருந்து அரக்குப் புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மேடையில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என் வயதைக் கணக்குப் போட்டால் போதும். நான் கடையைச் சாத்திவிட்டு வேறு தெருவில் போய் நிற்கலாம். மைக் முன்னால் நிற்கப் போவது அந்தப் பெண். வகுப்பு முழுக்க, பார்த்த ஆள் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாலு பேர் சிரித்தால் அந்தக் குரல் இன்னும் எத்தனை வருஷத்துக்கு உள்ளேயே நிற்கும்?

சனிக்கிழமை முழுக்க, கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சாயங்காலம் அவர்கள் படியேறினார்கள். கூப்பிடவில்லை. சொன்னால் அந்தச் செருப்பு மூன்று ஜோடியும் இனி படிக்கட்டை விட்டு என் கடைப் பக்கம் வராது. உண்மையைச் சொல்வதற்குப் பயம் தடையாக இருந்தது என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயம் பாதிதான். மிச்சம், அவளிடம் தோற்க மனசில்லை. ஆமாம், மனசுக்குள் நான் மிஸ்ஸை அவள் இவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுத்தமாக எழுதி முடிப்பதற்கு முன் தாள்களை ஒரு முறை சரிபார்க்கிறேன் என்று மிஸ் பிள்ளைகளோடு கீழே வந்தார். கையில் அந்தத் தாள், இன்னும் சிவப்புக் கிளிப்போடு. ஒரு முறை சத்தமாகப் படித்தார். போர்டு நல்லா இருக்கு, பழைய எழுத்து எட்டிப் பார்த்தது ரொம்ப நல்லா இருக்கு என்றார். அதற்குப் பிறகுதான் கழுத்துவலியைக் கேட்டார்.

என் கடைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், லேமினேஷனுக்கு ஒரு சாம்பிள் ஒட்டியிருக்கிறேன். ஆதார் அட்டை கலரில் எடுத்து லேமினேட் செய்தால் எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக. அடுத்தவர் ஆதாரை ஒட்டினால் தப்பு என்று என்னுடையதையே பெரிதாக்கி ஒட்டி வைத்தேன். என் போட்டோ, பிறந்த வருஷம் எல்லாம் தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி. நான்கு வருஷமாக அங்கேயே இருக்கிறது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டுதான், அறுபத்தொன்பதில் அப்பா தோள் மேல் இருந்தேன் என்று நான் பிள்ளைகளிடம் அளந்திருக்கிறேன்.

கேள்வியைக் கேட்டுவிட்டு மிஸ் கண் ஒரு தடவை என் தலைக்கு மேலே போய்விட்டு இறங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். வருஷத்தை வாசித்துக் காட்டினால் ஒரே நொடியில் முடிந்துவிடும். அதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு என் பொய் தெரியாமல் நான் தப்பிக்க ஒரு சந்து விட்டுக் கேட்டிருக்கிறார். நான் ஒரு ஆயுசு முழுக்கப் பேசியும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த நேரத்திலும் எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது.

“ஆமா ஆன்ட்டி,” என்றாள் தையல்கடைக்காரர் மகள். “எப்படித் தெரிஞ்சுது?”

கண்ணாடிக்காரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளும் சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

“அவரே சொன்னாரு,” என்றேன்.

“யாரு?”

“ஏணி புடிச்சவரு.”

மிஸ் என் பக்கமாக நெருங்கிக் கல்லாப்பெட்டிக்கு மேலே கையை நீட்டினார். கை என் தோளைத் தாண்டிச் சுவருக்குப் போனது. ஆதாரைத்தான் எடுக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ‘சர்’ என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது, பாதி நாள்கூட முடியாத அந்த ஞாயிற்றுக்கிழமையின் சிவப்புத் தாளைக் காலண்டரிலிருந்து கிழித்திருந்தார். வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி மெஷின் மூடி மேல் வைத்தார். பழைய தாளிலிருந்து சிவப்புக் கிளிப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு நீலக் கிளிப்பை எடுத்துப் புதுத் தாளின் ஓரத்தில் மாட்டினார். பிறகு பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டு, என் கடை ஸ்டூலில், பிள்ளைகளோடு பிள்ளையாக, நான் பேசுவதைக் கேட்க உட்கார்ந்தார்.